நகலெடுத்தால் இப்படி எடுக்க வேண்டும்

லெதர் ஜாக்கெட் ஒன்று லட்ச ரூபாயைத் தொடுகிறதே, அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று வேலூர் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். தோல் ஊர்க்காரருக்கே சந்தேகம் என்றால் மற்றவர்களைச் சொல்வானேன்!

அவர் கண்ணில் பட்டது ஏ-2 ஜாக்கெட்டின் பிரதியாக இருக்க வேண்டும். அசல் ஏ-2வை அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு 1931-இல் தன் விமானிகளுக்காக ஏற்றுக்கொண்டது. முன்னால் ஜிப், பிரஸ் பட்டன் வைத்த காலர், மணிக்கட்டிலும் இடுப்பிலும் கம்பளிப் பின்னல், முதுகுக்கு ஒட்டுப்போடாத ஒரே தோல். பெரும்பாலும் குதிரைத்தோல். 1943-இல் விமானப்படைத் தலைவர் ஜெனரல் ஹாப் அர்னால்ட் புது ஆர்டர்களை நிறுத்தித் துணி ஜாக்கெட்டுக்கு மாறச் சொன்னார். விமானிகள் இருந்ததை விடவில்லை. 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் இதைப் போட்டு வந்த பிறகு மவுசு இன்னும் ஏறியது.

எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. ராணுவம் கொடுத்த விவரக்குறிப்பு ஒன்று; தைத்த கம்பெனிகளோ பல. ரஃப் வேர், ஏரோ லெதர், பெர்ரி, டுபோ என்று பட்டியல் நீளும். கல்யாணத்துக்கு ஒரே துணியெடுத்து நாலு டெய்லரிடம் கொடுத்தால் நாலு தினுசாக வருமே, அதே கதைதான். ஒருவரின் காலர் முனை கூராக நிற்கும். இன்னொருவருடையது அகலமாகப் படியும். பை மூடியின் வளைவைப் பார்த்தே கம்பெனி பெயரைச் சொல்லிவிடுகிற ஆட்கள் உண்டு.

இன்று பிரதி தைக்கிற இங்கிலாந்தின் ஈஸ்ட்மேன், ஜப்பானின் ரியல் மெக்காய்ஸ், பஸ் ரிக்சன்ஸ் போன்றவர்கள் பொத்தாம்பொதுவாக ஏ-2 தைப்பதில்லை. எந்தக் கம்பெனி, எந்த ஒப்பந்தம் என்று முடிவுசெய்து, அந்தக் காலரை, அந்த லேபிளை, அந்த ஒப்பந்த எண்ணோடு கொண்டுவருகிறார்கள். கை விட்டுக்கொள்ளப் பக்கவாட்டுப் பை அன்று கிடையாது. வாங்குகிறவர் குளிரில் விறைத்தாலும் இன்றும் கிடையாது! தோலையும் குரோமில் அவசரமாகப் பதனிடாமல், நம் பக்கத்து ஆவாரம்பட்டை முறைபோல மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். போடப் போட மடிப்புகள் ஆளுக்கேற்ப விழும். முழங்கையில் மேல்சாயம் தேய்ந்து அடித்தோல் நிறம் எட்டிப்பார்க்கும்.

இதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்த 'பழைய' ஜாக்கெட்டும் விற்கிறது. அதையாவது மன்னிக்கலாம். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானக்காரர்கள், போய்த் திரும்பிய ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு குண்டுப் படத்தை ஜாக்கெட்டில் வரைந்துகொண்டார்கள். இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்க எட்டாம் விமானப்படையில், 1943 வாக்கில் 25 தாக்குதல் முடித்தால்தான் ஊர் திரும்பலாம். முடிக்காமலே போனவர்கள் ஏராளம். அந்தக் குண்டுகளை வரிசையாக வரைந்து கடையில் தொங்கவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தையலை நகலெடுக்கலாம், அடுத்தவன் உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்த கணக்கை நகலெடுக்கக் கூடாது.

வேலூர் நண்பரே, வாங்குவதானால் தேய்க்காத, படம் போடாத ஜாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். மழைக்காலத்தில் பாலிதீன் பையில் கட்டி பீரோவில் பூட்டிவிடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். அகலமான ஹேங்கரில் காற்றாட மாட்டுங்கள்.