நடவுக் கால்களுக்குப் பழமும் சர்க்கரையும்: எப்போது தேய்க்கலாம், எப்போது கூடாது?

"நடவும் களையெடுப்புமாக எங்கள் கை கால் தோல் தடித்துச் சொரசொரப்பாகிவிட்டது. பழம், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு மூன்றையும் கலந்து தேய்த்தால் மிருதுவாகும் என்று செல்போனில் காட்டுகிறார்கள். செய்யலாமா? நன்றாக வந்தால் எங்கள் மகளிர் குழுவில் தயாரித்து விற்கலாமா?" பாபநாசம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தச் செல்போன் குறிப்பு வீட்டுக்குள் இருப்பவர்களுக்காகச் சொன்னது. சேற்றில் இறங்குகிறவர்கள் அதை அப்படியே செய்தால் தொல்லை வரும். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழமும் சர்க்கரையும் சரி. எலுமிச்சை வேண்டாம். தேய்த்த பிறகு இரண்டு மூன்று நாளாவது வயலில் இறங்கும் வேலையோ மருந்தடிக்கும் வேலையோ இருக்கக் கூடாது.

நம் தோலின் மேலடுக்கு உயிரற்ற செல்களால் ஆனது. ஓயாமல் உரசல் படும் இடத்தில் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள அந்த அடுக்கைத் தடிமனாக்குகிறது. அரிவாள் பிடிக்கும் உள்ளங்கை, வரப்பில் வெறுங்காலோடு நடக்கும் குதிகால் எல்லாம் இப்படித்தான் காய்த்துப் போகின்றன. நாற்றுப் பறிக்கவும் நடவும் நாளெல்லாம் தண்ணீரில் நிற்கும்போது தோல் ஊறிவிடுகிறது. கரையேறிய பின் காய்கிறது. ஊறுவதும் காய்வதும் மாறி மாறி நடப்பதால் வெடிப்பு விழுகிறது. யூரியா, டி.ஏ.பி. ஆகியவற்றை வெறுங்கையால் அள்ளி வீசுகிறவர்களுக்கு இன்னும் மோசமாகும்.

தடித்த அடுக்கைத் தேய்த்து எடுப்பது நமக்குப் புதிதில்லை. காவிரிப் படித்துறைக் கல்லில் குதிகாலைத் தேய்த்தவர்கள்தான் நாம். பீர்க்கங்கூடும் பயத்தமாவும் இல்லாத வீடு அந்தக் காலத்தில் ஏது? சர்க்கரையில் ஒரு வசதி உண்டு. தேய்க்கத் தேய்க்க ஈரத்தில் கரைந்து, பரல்களின் கூர்மை மழுங்கிக்கொண்டே வரும். அதனால் கல்லைவிட மெதுவாக வேலை செய்யும்.

கரும்பில் கிளைகாலிக் அமிலம் இருக்கிறது, அதனால் சர்க்கரை தேய்த்தால் தோல் புதிதாகும் என்றும் சொல்கிறார்கள். கரும்புச் சாற்றில் அந்த அமிலம் சிறிதளவு இருப்பது உண்மை. ஆனால் ஆலையில் சுத்தம் செய்து வரும் வெள்ளைச் சர்க்கரை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் வெறும் சுக்ரோஸ்தான். அமிலத்துக்கு அதில் இடமில்லை. வேலை செய்வது பரல் மட்டுமே.

ஆகவே பரலைப் பார்த்து வாங்குங்கள். ஆலைச் சர்க்கரையை எஸ், எம், எல் என்று பரல் அளவை வைத்தே தரம் பிரிக்கிறார்கள். எல் பெரும்பரல், அது வேண்டாம். குதிகாலுக்குச் சிறுபரல் சர்க்கரை போதும். பெரிதாக இருந்தால் மிக்சியில் ஒரு சுற்று விடலாம். புறங்கை, முழங்கை போன்ற இடங்களுக்கு நாட்டுச் சர்க்கரை மிருதுவாக இருக்கும். நம் பகுதி அச்சு வெல்லத்தைப் பொடித்தும் பயன்படுத்தலாம். முகத்துக்கு எந்தச் சர்க்கரையும் வேண்டாம். அங்கே தோல் மெல்லியது. பழைய பயத்தமாவே நல்லது.

பழத்தில் நான் சொல்வது கனிந்து தோல் கறுத்த பூவன். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் தாரில் கடைசியாக மிஞ்சி, விலை போகாமல் கிடக்குமே, அதுதான். புளிப்பு குறைவு, தோலை எரிக்காது, நன்றாகக் குழையும். கனிந்த பப்பாளியும் ஆகும். காயாக இருக்கும் பப்பாளியை ஒருபோதும் தேய்க்காதீர்கள். அதன் பாலில் உள்ள பப்பாயின் என்ற நொதி இறைச்சியையே மெதுவாக்கக் கூடியது, தோலைப் புண்ணாக்கிவிடும். கொய்யாவில் விதை கல் மாதிரி இருக்கும், விட்டுவிடுங்கள். ஸ்ட்ராபெர்ரி, கிவி என்று சொல்வதையெல்லாம் தேடிப் போக வேண்டாம். பழத்தின் வேலை சர்க்கரையைப் பிடித்து வைப்பதும் கொஞ்சம் வழவழப்புத் தருவதும்தான். அதற்கு நம் வாழைப்பழம் போதும்.

ஒருவருடைய இரண்டு கால், இரண்டு கைக்கு மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய், பாதிப் பூவன் பழம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சர்க்கரையையும் எண்ணெயையும் கலக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் நேராகச் சேர்த்தால் சர்க்கரை கரைந்து பாகாகிவிடும். எண்ணெய் பரலைச் சுற்றிக்கொண்டால் கரைவது தாமதமாகும். பழத்தை மசித்துக் கடைசியில் சேர்த்து, உடனே தேய்க்கத் தொடங்குங்கள். மீந்ததை எடுத்து வைக்காதீர்கள். பழம் சேர்ந்த சர்க்கரை நம் ஊர் வெயிலில் மறுநாளே புளித்து நுரைக்கும். எருக்குழியில் கொட்டிவிடலாம்.

முதல்முறை செய்கிறவர்கள் முன்கையின் உட்புறத்தில் துளி தடவி, கழுவி, ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தப் பழம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றும் இல்லையென்றால், மாலையில் வேலையெல்லாம் முடிந்த பின் வெதுவெதுப்பான தண்ணீரில் காலைப் பத்து நிமிடம் ஊற வைத்து, விரல் நுனியால் வட்டமாக ஒன்றிரண்டு நிமிடம் தேயுங்கள். அழுத்த வேண்டாம். சிவந்தாலோ எரிந்தாலோ நிறுத்திவிடுங்கள். நன்றாகக் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை போதும். கொல்லையில் துவைக்கிற கல் பக்கத்தில் உட்கார்ந்து செய்வது நல்லது. டைல்ஸ் போட்ட குளியலறையில் எண்ணெய் சிந்தினால் வழுக்கும். எறும்பும் வரும். வாழைக்கறை துணியில் பட்டால் போகாது, பழைய சேலையே சரி.

இனி எலுமிச்சை. இதை வாசகி மட்டுமல்ல, எல்லோரும் கவனிக்க வேண்டும். எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் ஃபூரானோகூமரின் என்ற பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால், புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைப் பொசுக்கிவிடும். உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிவந்து கொப்புளிக்கும். அது ஆறிய இடத்தில் கருந்திட்டு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட நிற்கும். காலையில் எலுமிச்சை தேய்த்துவிட்டுப் பகலெல்லாம் குனிந்து நடுகிறவருக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கறுப்பைப் போக்கப் போய் கறுப்பை வாங்கி வந்த கதைதான்.

கறுப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எந்தப் பழமும் எந்தச் சர்க்கரையும் தோலின் நிறத்தை மாற்றாது. நிறம் தருகிற மெலனின் உருவாவது அடி அடுக்கில். நாம் தேய்ப்பது மேலே உள்ள செத்த அடுக்கை. வெயிலில் உழைக்கிற உடம்பு கறுப்பது அதன் தற்காப்பு. அதைக் குறையென்று சொல்லிப் பொருள் விற்கிறவர்களை நம்பாதீர்கள். சொரசொரப்புக் குறையும், அவ்வளவுதான்.

தேய்த்த கையோடு வயலில் இறங்க வேண்டாம் என்றதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா கிருமி வயல் தண்ணீரிலும் சேற்றிலும் உயிரோடு இருக்கும். கீறல், வெடிப்பு, ஊறிப்போன தோல் வழியாக உள்ளே நுழையும். சர்க்கரைப் பரல் உண்டாக்கும் கீறல் கண்ணுக்குத் தெரியாது, கிருமிக்கு அதுவே வாசல். வயலில் வேலை செய்தவருக்குக் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு சேர்ந்து வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "சேற்றில் வேலை செய்தேன்" என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை வைத்தியத்தின் திசையையே மாற்றும்.

மற்றது பூச்சிமருந்து. தெளிக்கிறவர் உடம்புக்குள் மருந்து போகும் முக்கிய வழி தோல்தான். மேலடுக்கைத் தேய்த்து எடுத்த கையில் அது இன்னும் எளிதாக இறங்கும். தெளித்து வந்த கையில் உள்ள நாற்றத்தைப் போக்கவும் சர்க்கரை தேய்க்கக் கூடாது. சோப்பும் நிறையத் தண்ணீரும்தான்.

ஆகவே டெல்டாவில் இதற்கு ஏற்ற காலம் வேலை இடைவெளிகளே. நடவு முடிந்து களைக்கு முன் வரும் சில நாட்கள், சம்பா அறுவடைக்குப் பிந்தைய ஓய்வு, கோடை.

சேற்றுப்புண் இருக்கும் கால், ரத்தம் கசியும் பித்தவெடிப்பு, சொறி, படை எதிலும் இது படக்கூடாது. சர்க்கரை நோயாளிகள் பாதத்தில் தேய்க்கவே வேண்டாம். அவர்களில் பலருக்குப் பாதம் மரத்திருக்கும், கீறியது தெரியாது, சிறு புண் பெரும் புண்ணாகும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவருகிறவரிடம் பாதத்தை எங்கே காட்டலாம் என்று கேளுங்கள்.

கடைசியாக, குழுவாகத் தயாரித்து விற்கும் கேள்வி. உங்கள் வீட்டுக்குச் செய்ய யாரையும் கேட்க வேண்டாம். விற்பதென்றால் அது அழகு சாதனப் பொருள். 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டமும், 2020-இல் வந்த அழகு சாதனப் பொருட்கள் விதிகளும் பொருந்தும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தயாரிப்பு உரிமம் வேண்டும். ஊறுகாய்க்கு வாங்கிய உணவுப் பாதுகாப்புச் சான்று இதற்குச் செல்லாது. அதோடு, மறுநாள் புளிக்கும் பொருளைக் கெடாமல் வைக்க ஈரம் நீக்க வேண்டும், பதப்பொருள் சேர்க்க வேண்டும், சோதனை செய்ய வேண்டும். பத்துப் பேர் சேர்ந்த சிறு குழுவுக்கு இந்தச் செலவு கட்டாது என்பது என் கருத்து.

விலை போகாத பழம் இருக்கிறது, குழுவும் இருக்கிறது என்றால் உணவுப் பொருளுக்குப் போங்கள். திருச்சி தாயனூரில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலும், தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் உள்ள நிஃப்டெம் நிறுவனத்திலும் வாழையில் மதிப்புக் கூட்டும் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். போகும்போது உங்கள் பகுதியில் எந்த மாதம், என்ன ரகம், எத்தனை தார் மிஞ்சுகிறது என்று ஒரு வருடக் கணக்கை எழுதிக் கொண்டுபோங்கள். அங்கே முதலில் கேட்கப்போவது அதைத்தான்.