அடுப்படிப் புகையும் வயிற்றுப் பிள்ளையும்



ஏழைக் கர்ப்பிணிப் பெண்களுக்குக் காஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லதுதானே என்று நம் ஆதரவாளர்களில் சிலர் கேட்பதுண்டு. நல்ல மனதிலிருந்து வரும் கேள்வி. பத்து வருஷத்துக்கு முன்பு கேட்டிருந்தால் "ஆம்" என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதியிருப்போம். ஆனால் இதே கேள்விக்கு விடை காண மிகப் பெரிய ஆராய்ச்சி ஒன்று நடந்து முடிந்திருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்திலேயே நடந்தது. 1996 முடியும் மட்டும் நம் திருத்துறைப்பூண்டி வட்டமும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது என்பது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆராய்ச்சியின் முடிவு பலருக்கும் ஏமாற்றமாக இருந்தது. அதை உள்ளபடியே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் எங்கள் பக்கத்து அடுப்படியை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். கூரை வீட்டை ஒட்டி ஒரு சிறு சாய்ப்பு, அதில் மண்ணால் போட்ட அடுப்பு, பக்கத்தில் ஒரு கொடியடுப்பு. எரிப்பதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்குவதில்லை. வாய்க்கால் கரையில் வெட்டிய கருவை முள், தென்னை மட்டை, பாளை, பன்னாடை, வறட்டி, உளுந்து அறுத்த பிறகு மிஞ்சும் செத்தை என்று கிடைத்ததெல்லாம் எரியும். கோடையில் பாதகமில்லை, அடுப்பை வாசலுக்குக் கொண்டுபோய்விடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் கஷ்டம். விறகு நனைந்திருக்கும், சமையல் வீட்டுக்குள் வந்துவிடும். ஊதாங்குழலை வைத்து ஊதி ஊதியே பெண்களுக்குக் கண் சிவந்துபோகும். அந்த நேரத்தில் இடுப்பில் ஒரு குழந்தையும் வயிற்றில் ஒரு குழந்தையுமாக அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

இந்தப் புகை ஒரு வியாதிக் காரணம் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் கெர்க் ஸ்மித் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1980-களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் அருகிலேயே கருவியை வைத்து அவர்கள் சுவாசிக்கும் காற்றை அளந்து பார்த்தார். பட்டணத்துத் தொழிற்சாலைப் புகையைப் பற்றியே எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. 2020-இல் அவர் காலமாகும் வரை இந்த வேலையை விடவில்லை. தமிழ்நாட்டில் அதே பணியைத் தொடர்ந்து செய்து வருபவர் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன். அவருடைய குழுவினர் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 1,285 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். தாய் சுவாசிக்கும் காற்றில் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் எடை ஏறத்தாழ 4 கிராம் குறைகிறது என்று கண்டார்கள்.

நுண்துகள் என்றால் நம் தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத தூசி. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நேராக நுரையீரலின் அடியாழம் வரை போய்விடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, வருஷச் சராசரியாக 5 மைக்ரோகிராம். அது உடனே எட்டாத நாடுகள் முதல் படியாக 35-க்குள் கொண்டுவரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரும், வரவும் வேண்டும். காஸ் அடுப்பு உள்ள வீட்டில் பெரும்பாலும் கொஞ்சம் வசதி இருக்கும். பாலும் முட்டையும் இருக்கும், தாய் படித்தவளாக இருப்பாள். அந்த வீட்டுப் பிள்ளை எடை கூடிப் பிறந்தால் காரணம் அடுப்பா, முட்டையா? பார்த்துக்கொண்டே இருந்தால் இது தெரியாது. ஒரே மாதிரியான ஏழை வீடுகளை எடுத்து, சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் காஸ் கொடுத்துப் பார்க்க வேண்டும். வேதத்தில் சீட்டுப் போட்டதைப் படித்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. மனிதரின் விருப்பு வெறுப்பு அதில் நுழைய முடியாது.

அப்படித்தான் செய்தார்கள். ஹாப்பின் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஆராய்ச்சி இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் நடந்தது. 2018 மே முதல் 2020 பிப்ரவரி வரை விறகு, வறட்டி எரிக்கும் வீடுகளைச் சேர்ந்த 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள். இந்தியாவில் நாகப்பட்டினமும் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கமும் தெரிந்தெடுக்கப்பட்டன. ஸ்கேன் எடுத்துக் கர்ப்பம் 9 வாரத்துக்கும் 20 வாரத்துக்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். சீட்டு விழுந்த பாதிப் பேருக்கு அடுப்பும், 18 மாதங்களுக்கு வேண்டிய மட்டும் காஸும் இலவசமாக வீட்டு வாசலுக்கே வந்தது. மற்றவர்கள் வழக்கம்போலத் தங்கள் அடுப்பில் சமைத்தார்கள்.

இதில் அந்தப் பெண்கள் செய்த பங்கை நாங்கள் பெரிதாக எண்ணுகிறோம். வெறுமனே மருந்தை வாங்கிக்கொள்ளும் நோயாளிகளாக அவர்கள் இருக்கவில்லை. குறிப்பிட்ட நாட்களில் காற்றை அளக்கும் கருவி பொருத்திய மேலாடையை 24 மணி நேரம் அணிந்திருந்தார்கள். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றி அருகில் வைத்துக்கொள்ளலாம், மற்றபடி தண்ணீர் எடுக்கப் போனாலும் ஆடு கட்டப் போனாலும் கருவி கூடவே போகும். பார்த்தவர்கள் எல்லாம் "இது என்ன?" என்று கேட்டிருப்பார்கள், மாமியாருக்கும் பதில் சொல்லியிருக்க வேண்டும். பழைய அடுப்பு எப்போது மூட்டப்படுகிறது என்பதை அறிய அதிலும் சூடு அறியும் சிறு கருவியை வைக்க அனுமதித்தார்கள். குழந்தை பிறந்த பிறகு அதன் முதல் பிறந்தநாள் வரை இது தொடர்ந்தது. சேர்க்கை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 2018 நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. நம் பகுதியில் தென்னந்தோப்புகள் சாய்ந்து, மின்சாரம் இல்லாமல் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். பின்னால் கொரோனா முடக்கமும் வந்து அளவெடுக்கும் வேலை தடைப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை.

முடிவுகள் என்ன?

காஸ் கிடைத்த வீடுகளில் பழைய அடுப்பை ஏறக்குறையக் கைவிட்டே விட்டார்கள். விறகு எரித்த பெண்கள் சுவாசித்த நுண்துகள் அளவு 70.7 மைக்ரோகிராம் என்றால், காஸ் வீட்டுப் பெண்களுக்கு அது 23.9-ஆக இறங்கியது. மூன்றில் இரண்டு பங்கு புகை போய்விட்டது. கிராமத்துப் பெண்கள் பழைய அடுப்பை விடமாட்டார்கள், ருசி போய்விடும் என்பார்கள் என்று வெகுகாலமாகச் சொல்லி வந்தோமே, அந்தப் பேச்சை இனி கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பிள்ளைகளின் எடையில் வித்தியாசம் தெரியவில்லை. காஸ் வீடுகளில் சராசரி 2,921 கிராம், விறகு வீடுகளில் 2,898 கிராம். இடைவெளி இருபது கிராம் அளவுக்குத்தான். அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று 2022-இல் நியூ இங்கிலாண்டு மருத்துவ இதழில் எழுதினார்கள். 2024-இல் மற்ற இரண்டு முடிவுகளும் வந்தன. குழந்தைகளின் கடும் நிமோனியா, நூறு குழந்தைகளுக்கு வருஷத்தில் 5.67 என்றும் 6.06 என்றும் இருந்தது. அதாவது ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வயதில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் காஸ் வீடுகளில் நூற்றுக்கு 27.4, விறகு வீடுகளில் 25.2. இதிலும் பயன் காணவில்லை.

இதைப் படித்ததும் எங்களுக்கும் மனம் சோர்ந்தது. பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தோம்.

ஒன்று, காஸ் வந்து சேர்ந்தபோது கர்ப்பம் ஏற்கெனவே மூன்றாவது, நான்காவது மாதத்தில் இருந்தது. நஞ்சுக்கொடி உருவாகும் தொடக்க வாரங்களில் தாய் பழைய புகையைத்தான் சுவாசித்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்பு பிறந்த வீட்டு அடுப்படியில் இழுத்த புகையும் கணக்கில் சேரும். இன்னொன்று, பிள்ளையின் எடையைத் தீர்மானிப்பது புகை மட்டுமல்ல. இரத்தசோகை, போதாத சாப்பாடு, இளவயதுக் கர்ப்பம், நாற்று நடவில் குனிந்து நிமிரும் வேலை என்று பல பாரங்கள் ஒரே உடம்பின்மேல் இருக்கின்றன. ஒன்றை இறக்கி வைத்ததும் மற்றதெல்லாம் லேசாகிவிடாது. இதே ஆராய்ச்சியின் அளவுகளை வேறு விதமாக அடுக்கி, எந்த அடுப்பானாலும் அதிகப் புகை சுவாசித்தவர், குறைவாகச் சுவாசித்தவர் என்று ஒப்பிட்டு டாக்டர் கல்பனாவின் குழு 2023-இல் பார்த்தது. அப்போது புகை அதிகமானால் எடை குறைவது தெரிந்தது. ஆனால் அந்தக் குறைவு ஏறக்குறைய 15 கிராம்தான். பாதிப்பு உண்டு, நாம் நினைத்த அளவு பெரிதல்ல.

ஆகையால் புகை தீங்கில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முப்பது வருஷம் அடுப்பூதிய பெண்களுக்கு வரும் நாள்பட்ட மூச்சுத் திணறலைப் பதினெட்டு மாத ஆராய்ச்சி காட்டாது. பீடி சிகரெட்டைக் கையால் தொடாத பாட்டிமார், புகைப்பவரின் நுரையீரலோடு வருவதை எந்தக் கிராமத்து ஆஸ்பத்திரியும் அறியும். அது தனிக் கணக்கு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறோம். அடுப்பு வாங்கிக் கொடுப்பதில் உள்ள சிக்கல் அடுப்பில் இல்லை, சிலிண்டரில் இருக்கிறது. ஆராய்ச்சியில் பெண்கள் விறகை விட்டதற்குக் காரணம் காஸ் தீரத் தீர இலவசமாக வந்ததுதான். 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் நாடெங்கும் கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்கு இணைப்பு வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே இலவச காஸ் அடுப்பு கொடுத்திருந்தார்கள். ஆனால் 2022-இல் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 281 ரூபாய். உஜ்வலா வீடுகளுக்குத் தந்த 200 ரூபாய் மானியத்தைக் கழித்தாலும் ஒரு சிலிண்டருக்கு மூன்று நாள் கூலி வேண்டும். வேலையில்லாத மாதத்தில் என்ன செய்வார்கள்? ஓர் அம்மாள் எங்கள் நர்ஸிடம் சொன்னது கணக்குப் புத்தகத்தைவிடத் தெளிவாக இருந்தது: "காசு இருக்கிறப்ப காஸு, இல்லாதப்ப கருவை, அவ்வளவுதான் சிஸ்டர்."

கேட்டுப் பார்த்தால் இன்னும் சில விஷயங்கள் தெரிகின்றன. டீக்கும் அவசரச் சமையலுக்கும் காஸ். நெல் அவிப்பதற்கும் மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சவும் விறகு. பிள்ளை பெற்றவளுக்குத் தினமும் அண்டா நிறைய வெந்நீர் வைக்க வேண்டும், அதற்குக் காஸை எரிக்க எந்த மாமியாரும் சம்மதிக்கமாட்டாள். கைக்குழந்தை வீட்டுக்கு வந்த மாதத்தில்தான் விறகு அடுப்பு அதிகமாக எரிகிறது! வெளியிலிருந்து அடுப்பு கொண்டுவருகிறவர்களுக்கு இது தோன்றாது. வீட்டில் இருக்கிறவளைக் கேட்டால்தான் தெரியும். வெந்நீர் அடுப்பை வாசலுக்கு மாற்றலாமா, தாயும் பிள்ளையும் அந்த நேரத்தில் வேறு பக்கம் இருக்கலாமா என்று பேசினால், "அதுக்கென்ன, செய்யலாமே" என்கிறார்கள். அதற்கு ஒரு காசு செலவில்லை.

காஸ் அடுப்புக்கென்று யாராவது அனுப்ப விரும்பினால் நாங்கள் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் அடுப்பு ஏற்கெனவே பெரும்பாலான வீடுகளின் மூலையில் இருக்கிறது, சில வீடுகளில் அதன்மேல் துணி மூட்டை இருக்கிறது. ஒரு கர்ப்பிணிக்கு ஒன்பது மாதமும் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரையும் சிலிண்டர் தடையில்லாமல் கிடைப்பதும், அதோடு இரத்தசோகைக்கு மாத்திரையும் முட்டையும் சேர்ந்து கிடைப்பதும் வேறு காரியம். அதற்குச் செலவும் அதிகம், கூடவே நடக்க ஆளும் வேண்டும்.

கர்ப்பிணிகள் பதிவின்போது "வீட்டில் காஸ் இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள். அதனால் இப்போது கேள்வியை மாற்றிக் கேட்கிறோம்: "கடைசியாக சிலிண்டர் எந்த மாதம் வாங்கினீர்கள்? மழையில் எதை எரித்தீர்கள்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, விரல் விட்டு எண்ணித்தான் பதில் சொல்கிறார்கள்.