ஸ்கூபா டைவிங்: ஒரு வாரம் கடலில் தங்கும் படகு... ஏசி அறையை விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது என்ன?

காவிரியில் இருந்து குடமுருட்டி ஆறு பிரியும் ஊர் திருக்காட்டுப்பள்ளி. மேட்டூர் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால், இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தர தனியாக ஆள் வேண்டாம். இப்படி ஆற்றில் நீந்தி வளர்ந்து, பிறகு துபாய், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போன ஒருவருக்கு, செல்போனில் ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீலக்கடல் நடுவே வெள்ளைப் படகு. ஏசி அறை, மேல்தளத்தில் சூடான தண்ணீர்த் தொட்டி, தினமும் 3 முறை ஸ்கூபா டைவிங். 7 நாள் கடலிலேயே தங்கலாம்.

பார்த்ததும் ஆசை வரும். ஆனால் அந்தப் படங்களில் இல்லாத சில விஷயங்கள்தான் அந்த ஒரு வாரம் நிம்மதியாகப் போகுமா என்பதை முடிவு செய்கின்றன. எப்படிப்பட்ட படகைத் தேர்வு செய்யணும்? எதைக் கேட்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

லிவ்அபோர்டு என்றால் என்ன?

சாதாரணமாக டைவிங் போகிறவர்கள் கரையில் அறை எடுத்துத் தங்கி, காலையில் படகில் போய், மதியம் திரும்பிவிடுவார்கள். புதுச்சேரி, அந்தமானின் ஹேவ்லாக் தீவு போன்ற இடங்களில் பெரும்பாலும் இந்த முறைதான்.

லிவ்அபோர்டு அப்படி இல்லை. சாப்பாடு, தூக்கம், டைவிங் எல்லாமே ஒரே படகில். கரையில் இருந்து ஒரு நாளில் போய்த் திரும்ப முடியாத தூரத்துப் பவளப்பாறைகளைப் பார்க்க இதுதான் வழி. தமிழ்நாட்டில் இருந்து போகிறவர்களுக்கு இந்த வகைப் படகுகள் அதிகமாக இருக்கும் பக்கத்து நாடு மாலத்தீவு. அங்கே இதை 'சஃபாரி படகு' என்கிறார்கள். வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறவர்களுக்கு எகிப்தின் செங்கடல் இன்னொரு வாய்ப்பு.

வசதி என்று எதைப் பார்க்கணும்?

முதலில் சத்தம். டைவிங் சிலிண்டர்களில் காற்று நிரப்பும் கம்ப்ரஸர் பெரிய இரைச்சல் போடும். மாலத்தீவில் பல சஃபாரி படகுகளுடன் 'தோணி' என்ற இன்னொரு படகும் கூடவே வரும். சிலிண்டர், கம்ப்ரஸர், ஈரமான உடை எல்லாம் அதில் இருக்கும். தூங்கும் படகில் சத்தமும் இருக்காது, ஈர வாடையும் இருக்காது. தனித் தோணி இருக்கிறதா என்று கேட்பது, அறையில் டிவி இருக்கிறதா என்று கேட்பதை விடப் பயனுள்ள கேள்வி.

அடுத்தது ஆட்டம். கடல் அலையில் படகின் முன்பக்கமும் பின்பக்கமும் அதிகமாக ஏறி இறங்கும். நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. மேல்தளத்தை விடக் கீழ்தளத்தில் பக்கவாட்டு ஆட்டம் குறைவு. பின்பக்க அறைகளுக்கு இன்ஜின் சத்தம் கேட்கும். முன்பக்க அறைகளுக்கு நங்கூரச் சங்கிலி சத்தம் கேட்கும்.

ஆற்றில் நன்றாக நீந்துகிறவருக்கும் கடலில் வாந்தி, தலைசுற்றல் வரலாம். அதற்கு நீச்சல் திறமையோடு சம்பந்தம் இல்லை. மாத்திரை போடுவதாக இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சில மாத்திரைகள் தூக்கக் கலக்கத்தைத் தரும். அந்த நிலையில் தண்ணீருக்குள் இறங்குவது ஆபத்து.

இதை மட்டும் வைத்துப் பார்த்தால் கீழ்தளத்தின் நடு அறைதான் சிறந்தது என்று தோன்றும். விலையும் பல படகுகளில் அங்கேதான் குறைவு. ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது.

கலிபோர்னியாவில் என்ன நடந்தது?

2019 செப்டம்பர் 2. அமெரிக்காவின் சாண்டா க்ரூஸ் தீவு அருகே 'கன்செப்ஷன்' என்ற டைவிங் படகு நங்கூரமிட்டு நின்றது. 1981-ல் கட்டப்பட்ட படகு. பயணிகள் கீழ்தளத்தில் இருந்த படுக்கை அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதிகாலையில் தீ பிடித்தது. கீழே இருந்த 34 பேரும் இறந்தார்கள். அதில் 33 பேர் பயணிகள், ஒருவர் ஊழியர். அமெரிக்காவில் வசித்த ஓர் இந்தியத் தம்பதியும் இறந்தவர்களில் அடக்கம். மேல்தளத்தில் இருந்த கேப்டன் உள்ளிட்ட 5 ஊழியர்கள் தப்பினர்.

கீழ்தளத்தில் இருந்து வெளியே வர 2 வழிகள் இருந்தன. ஒன்று படிக்கட்டு. இன்னொன்று படுக்கைக்கு மேலே இருந்த அவசரத் திறப்பு. ஆனால் இரண்டுமே போய்ச் சேர்ந்தது மேலே உள்ள ஒரே கூடத்துக்குத்தான். அந்தக் கூடம் முழுக்கத் தீ. கீழே மாட்டிக்கொண்டவர்களுக்கு வேறு வழி இல்லாமல் போனது.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நடத்திய விசாரணையில் இன்னொரு முக்கியமான குறையும் தெரிந்தது. இரவில் ஒருவர் விழித்திருந்து படகைச் சுற்றி வர வேண்டும் என்பது விதி. அன்று அப்படி யாரும் இல்லை. தீ எங்கே, எதனால் தொடங்கியது என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கூடத்தில் சார்ஜ் போடப்பட்டிருந்த லித்தியம் பேட்டரிகள் மீதும் சந்தேகம் எழுந்தது. கேப்டனுக்கு 2024-ல் 4 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

புதுப் படகு என்றால் பயம் இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. 2024 நவம்பர் 25-ம் தேதி அதிகாலை, எகிப்தின் மர்சா ஆலம் பகுதி அருகே 'சீ ஸ்டோரி' என்ற படகு கவிழ்ந்தது. 44 மீட்டர் நீளம். 2022-ல் கட்டப்பட்டது. பழைய படகே அல்ல. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 11 பேர். கவிழ்ந்த படகுக்குள் சிக்கியிருந்த சிலர் மறுநாள்தான் உயிருடன் மீட்கப்பட்டார்கள்.

அதே செங்கடலில் 2023 ஏப்ரலில் 'கார்ல்டன் குயின்' கவிழ்ந்தது. அதே ஆண்டு ஜூன் 11-ம் தேதி 'ஹரிகேன்' படகில் தீ பிடித்து 3 பிரிட்டன் பயணிகள் இறந்தார்கள். இந்தச் சம்பவங்களை வைத்து, படகைத் தேர்வு செய்யும்போது மிகவும் எச்சரிக்கையாக இருக்கும்படி பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2025-ல் பயணிகளுக்கு அறிவுறுத்தியது.

படகு ஏன் கவிழ்கிறது?

டெல்டாவில் இதைப் புரிந்துகொள்ள கடலைப் பார்த்திருக்கவே வேண்டாம். அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றி வரும் லாரியைப் பார்த்தாலே போதும். பாரம் உயர உயர, வளைவில் ஒரு பக்கமாகச் சாயும். படகுக்கும் அதே கணக்குதான். கீழே எடை இருந்தால் நிமிர்ந்து நிற்கும். மேலே எடை ஏறினால் சாய்ந்தது திரும்பி நிமிரச் சிரமப்படும்.

தமிழர்கள் மறக்க முடியாத தேக்கடி விபத்து இதற்கு ஓர் உதாரணம். 2009 செப்டம்பர் 30-ம் தேதி 'ஜலகன்யகா' என்ற இரண்டு தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் அதில் பலர். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும், விலங்குகளைப் பார்க்க ஒரே பக்கம் கூடியதும் காரணமாகச் சொல்லப்பட்டன. 2023 மே 7-ம் தேதி கேரளாவின் தானூரில் 22 பேர் இறந்த விபத்தில் சிக்கியது, மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டது.

அதனால் 4 தளம், மேலே தண்ணீர்த் தொட்டி என்று விளம்பரம் வந்தால் ஆடம்பரம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் படகு முதலில் இருந்தே இப்படித்தான் கட்டப்பட்டதா, பிறகு தளம் சேர்த்தார்களா, சேர்த்த பிறகு நிலைத்தன்மைச் சோதனை நடந்ததா என்று கேட்க வேண்டும்.

அப்போ எந்த அறையை எடுக்கணும்?

ஆட்டம் குறைவாகவும் இருக்கணும், அவசரத்தில் சட்டென்று வெளியே வரவும் முடியணும். இரண்டுக்கும் பொருந்துவது பிரதான தளத்தின் நடுப்பகுதி அறை. கதவைத் திறந்தால் வெளித்தளம். ஜன்னலும் திறக்கக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது.

பட்ஜெட் காரணமாகக் கீழ்தளம்தான் கிடைக்கிறது என்றால், 2 வழிகள் இருப்பது மட்டும் போதாது. இரண்டும் வெவ்வேறு இடத்துக்குப் போக வேண்டும். அவசரத் திறப்பு பூட்டாமல், மேலே பெட்டி, நாற்காலி எதுவும் வைக்காமல் இருக்க வேண்டும். கன்செப்ஷன் படகு சொல்லும் பாடம் அதுதான்.

முன்பதிவுக்கு முன் வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இரவு முழுக்க விழித்திருந்து சுற்றி வர ஆள் இருக்கிறாரா? அவருக்கு வேறு வேலை ஏதும் உண்டா?

2. கீழ்தள அறையில் இருந்து வெளியேறும் 2 வழிகளும் எங்கே போய் முடிகின்றன? வீடியோ அனுப்ப முடியுமா?

3. புகை எச்சரிக்கைக் கருவி அறையில் மட்டும்தானா, கூடம், சமையலறை, இன்ஜின் அறையிலும் இருக்கிறதா? ஓர் இடத்தில் அடித்தால் எல்லா இடத்திலும் கேட்குமா?

4. கேமரா, டார்ச், போன் பேட்டரிகளை எங்கே சார்ஜ் போடுவார்கள்? ஆள் இல்லாத நேரத்தில் சார்ஜ் போட அனுமதி உண்டா?

5. லைஃப் ராஃப்ட் எத்தனை, எத்தனை பேருக்கு? கடைசியாக எப்போது சோதித்தார்கள்?

6. ஆக்சிஜன் சிலிண்டர் உண்டா? அருகில் உள்ள அழுத்த அறை சிகிச்சை மையம் எங்கே?

7. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்?

நல்ல நிறுவனத்துக்கு இவை புதிய கேள்விகள் இல்லை. உடனே பதில் வரும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் வேறு படகைப் பார்ப்பதே மேல்.

யார் போகலாம்?

நீச்சல் தெரிந்தால் மட்டும் போதாது. ஸ்கூபா பயிற்சியில் முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரைக்கும். அட்வான்ஸ்டு நிலையில் 30 மீட்டர் வரை. மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்குக்கான எல்லையும் 30 மீட்டர்தான். அங்கே தீவுக்கூட்டங்களின் இடையே உள்ள கால்வாய்களில் நீரோட்டம் வேகமாக இருக்கும். அதனால் பல படகுகள் அட்வான்ஸ்டு சான்றிதழையும், ஏற்கெனவே டைவ் செய்த அனுபவத்தையும் கேட்கின்றன. முதல்முறை டைவிங் கற்கப் போகிறவர் கரையில் தங்கிக் கற்றுக்கொள்வதே நல்லது.

எப்போது போகலாம், என்ன செலவு?

மாலத்தீவில் பொதுவாக ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அலை அதிகம். டெல்டாக்காரர்களுக்கு இது தோதான விஷயம். சம்பா அறுவடை முடிந்து கை ஓயும் மாசி, பங்குனி மாதங்கள்தான் அங்கே நல்ல சீசன்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையோடு செலவு முடியாது. மாலத்தீவில் சுற்றுலாப் படகில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஒருவருக்கு 12 டாலர் பசுமை வரி உண்டு. 2025 ஜனவரிக்கு முன் இது 6 டாலர். சுற்றுலாவுக்கான சரக்கு, சேவை வரி 2025 ஜூலை முதல் 17 சதவீதம். டைவிங் கருவி வாடகை, எரிபொருள் கூடுதல் கட்டணம், ஊழியர் டிப்ஸ் ஆகியவை தனி. இதையெல்லாம் சேர்த்த மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா விபத்து சேராது. டைவிங்கையும் அழுத்த அறை சிகிச்சையையும் சேர்த்த காப்பீடு தேவை.

திரும்பும் விமான டிக்கெட்டிலும் கவனம் வேண்டும். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள், கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. பல படகுகள் 24 மணி நேரம் என்று வைத்திருக்கின்றன. உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன், விமானத்தில் அழுத்தம் குறையும்போது குமிழியாக மாறினால் ஆபத்து.

முதல் இரவு செய்ய வேண்டியது

படகில் ஏறியதும் பாதுகாப்பு விளக்கம் தர வேண்டியது கேப்டனின் பொறுப்பு. தரவில்லை என்றால் கேட்டு வாங்கணும். அதன் பிறகு 5 நிமிடம் போதும். கட்டிலில் இருந்து எழுந்து வெளித்தளம் வரை ஒருமுறை நடந்து பார்க்கணும். அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, சுவரைத் தொட்டபடி, எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டே இன்னொரு முறை. அவசரத் திறப்பைக் கையால் திறந்து பார்க்கணும். லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று தெரியணும். தலையணைக்குப் பக்கத்தில் சின்ன டார்ச் ஒன்று இருக்கட்டும்.

நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் ஒருமுறை வெளியே எட்டிப் பார்க்கலாம். காவலுக்கு ஒருவர் விழித்திருக்கிறாரா? இருந்தால் திரும்பி வந்து நிம்மதியாகத் தூங்கலாம். இல்லை என்றால் காலையில் முதல் வேலையாகக் கேப்டனிடம் அதைக் கேட்க வேண்டும்.