போகம்பரை வாவியில் முடிந்த ஒரு தாயின் கதை

சென்ற மாதம் கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஓர் அக்காவின் மகன் பக்கத்தில் நின்று, பாடசாலைப் பேச்சுப் போட்டிக்கு ஒரு பேச்சைப் பாடமாக்கிக்கொண்டிருந்தான். கண்டி அரசன் காலத்தில், அழுத அண்ணனைத் தேற்றிவிட்டு முதலாவதாகத் தன் தலையைக் கொடுத்த மத்தும பண்டார என்ற சிறுவனைப் பற்றிய பேச்சு அது. “வீரச் சிறுவன்” என்று அவன் குரலை உயர்த்திச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினோம். அந்த அக்கா மட்டும் கைதட்டவில்லை.

“தம்பி, அந்தப் பிள்ளையின்ர தாய்க்கு என்ன நடந்தது?” என்று கேட்டார்.

அவனுக்குத் தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்று அவர்களுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அரசவையின் முதல் பிரதானி

கண்டி இராச்சியத்தில் அரசனுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் மகா அதிகாரம் எனப்படும் முதலமைச்சர். பெரும் நிலவுடைமைக் குடும்பங்களிலிருந்தே இப்பதவிக்கு ஆட்கள் வந்தார்கள். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். தென்னிந்திய நாயக்கர் வழியில் வந்த இவனை 1798இல் அரியணையில் ஏற்றியவர் அப்போதைய மகா அதிகாரம் பிலிமத்தலாவை. பின்னர் அரசனுக்கும் அவருக்கும் பகை மூண்டது. பிலிமத்தலாவை கொல்லப்பட்டார். அந்த இடத்துக்கு 1811இல் வந்தவர்தான் எஹெலபொல.

எஹெலபொலவின் மனைவியும் சாதாரண குடும்பத்துப் பெண் அல்ல. கெப்பெட்டிப்பொல என்ற புகழ்பெற்ற பிரதானியின் சகோதரி. ஆனால் வரலாற்றில் அவர் பெரும்பாலும் கணவனின் பெயராலேயே, “எஹெலபொல குமாரிஹாமி” என்று அழைக்கப்படுகிறார். எஹெலபொல வீட்டுச் சீமாட்டி என்பதுதான் அதன் பொருள்.

கண்டி அரசில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பிரதானி தூர மாகாணத்தை நிர்வகிக்கப் போனால் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் தலைநகரிலேயே தங்க வேண்டும். வெளியே பார்த்தால் அது மரியாதை போலத் தெரியும். உண்மையில் அவர்கள் பிணை. கணவன் அரசனுக்கு எதிராகத் திரும்பினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே.

இதைச் சொன்னபோது கூட்டத்தில் வயது முதிர்ந்த ஓர் அம்மா குறுக்கிட்டார்: “மனுசன் செய்ததுக்கு மனுசியைப் பிடிச்சுக் கேக்கிறது அண்டைக்கே துவங்கீட்டுதோ பிள்ளை?”

கூட்டத்தில் யாரும் ஒன்றும் பேசவில்லை. அவர் எதை நினைத்துக் கேட்டார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

1814 மே 17

1814இல் எஹெலபொல சப்ரகமுவ மாகாணத்தில் இருந்தார். அரசனுக்கு அவர் மேல் சந்தேகம். கண்டிக்கு வரும்படி கட்டளை போனது. அவர் வரவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொயிலி கொழும்பிலிருந்து அவரோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்தார். எஹெலபொல கிளர்ச்சி செய்தார். அதை அடக்க அரசன் அனுப்பியது அவருடைய போட்டியாளரான மொல்லிகொடவை. கிளர்ச்சி தோற்றது. எஹெலபொல ஆங்கிலேயரின் எல்லைக்குள் தப்பிப் போய்விட்டார்.

மனைவியும் பிள்ளைகளும் கண்டியில் அகப்பட்டுக்கொண்டார்கள்.

மே 17ஆம் திகதி கோயில்கள் சூழ்ந்த பொதுவெளியில் பிள்ளைகள் தாயின் கண்முன்னே கொல்லப்பட்டார்கள். மூத்தவன் பயந்து தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இளையவன் மத்தும பண்டார முன்னே வந்தான். பால்குடிக் குழந்தையையும் விடவில்லை. பிள்ளைகளின் தலைகளை உரலில் இட்டு இடிக்கும்படி தாய் கட்டாயப்படுத்தப்பட்டார் என்றும் சொல்லப்படுகிறது. பின்னர் அவரையும் உறவுக்காரப் பெண்ணையும் போகம்பரை வாவிக்குக் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள்.

இந்தச் சம்பவத்தை விரிவாக எழுதியவர் ஆங்கிலேயப் படை வைத்தியர் ஜோன் டேவி. அவர் இலங்கைக்கு வந்தது சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளின் பின்னர். நூல் வெளிவந்தது 1821இல். அவர் கேள்விப்பட்டதையே எழுதினார். கண்டியைப் பிடித்ததை நியாயப்படுத்த ஆங்கிலேயர் அரசனின் கொடுமைகளைப் பெரிதாகப் பேசினார்கள் என்பதும் உண்மை. அதனால் உரல் பற்றிய செய்தியைச் சில ஆய்வாளர்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். ஆனால் தாயும் பிள்ளைகளும் கொல்லப்பட்டதில் சந்தேகமில்லை.

டேவி எழுதியதில் என் மனதில் நிற்பது வேறொன்று. அதன் பின்னர் இரண்டு நாட்கள் அரண்மனை தவிர்ந்த கண்டி நகரமே இழவு வீடாகக் கிடந்ததாம். எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லையாம். எதிர்த்துப் பேச முடியாத சனங்கள் சமைக்காமல் இருந்து தங்கள் துக்கத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

வென்றவர் யார்?

அடுத்த ஆண்டு ஆங்கிலேயர் கண்டிக்குப் படை நடத்தினார்கள். மொல்லிகொட தன் மனைவி பிள்ளைகளைப் பத்திரமாக வெளியே எடுக்கும்வரை பொறுத்திருந்து, அதன் பின்னரே ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். எஹெலபொல குடும்பத்துக்கு நடந்ததை அவர் கண்டிருந்தார் அல்லவா?

1815 பெப்ரவரி 18ஆம் திகதி அரசன் பிடிபட்டான். உடனிருந்த அரசிகளின் நகைகள் பறிக்கப்பட்டன. மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் வந்தது. 1816இல் அரசனும் அரசிகளும் உறவினர்களும் கப்பலேற்றப்பட்டுத் தமிழ்நாட்டின் வேலூருக்கு அனுப்பப்பட்டார்கள். அரசன் 1832இல் அங்கேயே இறந்தான். அரசிகளும் திரும்பி வரவில்லை.

எஹெலபொல தனக்கு அரசபதவி கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தார். கிடைக்கவில்லை. 1817, 1818இல் ஊவாவிலிருந்து பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய கெப்பெட்டிப்பொல, அதாவது குமாரிஹாமியின் சகோதரன், கிளர்ச்சிக்காரர் பக்கம் போய்ச் சேர்ந்தார். ஊவாவில் ஊர்கள் எரிக்கப்பட்டன, வயல்கள் அழிக்கப்பட்டன. 1818 நவம்பரில் கெப்பெட்டிப்பொல தலை வெட்டப்பட்டு இறந்தார். எஹெலபொலவும் சந்தேகத்தில் தடுத்து வைக்கப்பட்டு, 1825இல் மொரீசியஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1829இல் அங்கே இறந்தார்.

பார்த்தீர்களா சகோதரிகளே! அரசன் வேலூரில், பிரதானி மொரீசியஸில், மைத்துனன் கழுமேடையில். இவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு முடிவை எடுத்தவர்கள். குமாரிஹாமி எந்த முடிவையும் எடுக்கவில்லை. கிளர்ச்சி செய்யலாமா என்று அவரிடம் யாராவது கேட்டார்களா என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் முதல், எல்லோரையும் விட அதிகமாகக் கொடுத்தவர் அவரே.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வோம்?

இந்தக் கதையைச் சிலர் “தமிழ் அரசனின் கொடுமை” என்று சொல்கிறார்கள். அரசனை எங்கள் ஆள் என்று எண்ணி, கொலையை மூடி மறைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டு பக்கத்திலும் அந்தத் தாயைக் காணவில்லை. அவருக்காக அடுப்பை அணைத்தது சிங்களச் சனங்கள். வேலூரில் நாடிழந்து வாழ்ந்தது தமிழ்ப் பேசிய பெண்கள். இரண்டு துயரத்தையும் விளங்கிக்கொள்ள வன்னிப் பெண்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மத்தும பண்டார துணிச்சலான பிள்ளைதான். ஆனால் ஒரு பிள்ளை அழகாகச் செத்தான் என்று கைதட்டும்போது, அவனைச் சாகும் இடத்துக்குக் கொண்டுவந்த பெரியவர்கள் தப்பிவிடுகிறார்கள். தாயைக் கட்டிப்பிடித்து அழுத மூத்தவன் கோழை அல்ல. அவன் பிள்ளை. பிள்ளை பயந்தால் தாயிடம்தான் ஓடும். பிள்ளைகளைப் பறிகொடுத்த மண்ணில் இருக்கும் நாங்கள் இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

கூட்டம் கலையும்போது அந்த அக்கா மகனைக் கூப்பிட்டு, பேச்சின் கடைசியில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னார். தாயைப் பற்றி ஒரு வரி. அழுத அண்ணனைப் பற்றி ஒரு வரி.

“போட்டியில புள்ளி குறைஞ்சா என்னம்மா செய்யிறது?” என்று கேட்டான் அவன்.

“குறைஞ்சா குறையட்டும்,” என்றார் தாய்.

அடுத்த கூட்டத்துக்கு நான் போனபோது போட்டி முடிந்திருந்தது. அவனுக்கு இரண்டாம் இடம். அந்த இரண்டு வரியையும் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னேன் என்று தலையாட்டினான்.