கண்டியில் காணாத கண்டி

கண்டி மாநகரத்துக்கு வருகிற யாத்திரிகர்கள், ஏதோ ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களைப் போலத் தலதா மாளிகையைத் தரிசித்து, வாவிக்கரையில் சிறிது நேரம் நின்று, பேராதனைப் பூங்காவில் நிழல் தேடி உலாவி, பொழுது மிஞ்சினால் பின்னவலையில் யானைகள் நீராடுவதையும் கண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்நிய தேசத்திலிருந்து இரண்டு நாள் அவகாசத்தோடு வருபவர்களை இதற்காகக் குறை கூறுவதற்கில்லை. இந்நகரத்திலேயே பிறந்து வளர்ந்து, கட்டுக்கலைப் பிள்ளையாரை நாள்தோறும் கும்பிட்டு வருகிற நம்மவர்களும், யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ உறவினர் வந்தால் அதே இடங்களுக்கு அதே வரிசையில் அழைத்துப் போய்க் காட்டிவிட்டுக் கடமை தீர்ந்தது என்று இருந்துவிடுவதுதான் ஆச்சரியம்.

மாளிகையின் முன்றிலிலே நிற்கிற நாத தேவாலயத்தையே எடுத்துக்கொள்வோம். கம்பளையிலிருந்து அரசாண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில் எழுந்த இந்தக் கற்கோயில்தான் நகரத்தில் இன்று நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையது. போதிசத்துவராகிய நாதருக்கு உரிய ஆலயம் இது; ஆயினும் அதன் கற்சுவரையும் மேலே எழுகின்ற சிகரத்தையும் நின்று நோக்குகிற தமிழருக்குத் தென்னாட்டுச் சிறு கோயில் ஒன்றின் விமானம் ஞாபகத்துக்கு வராமல் இராது. கண்டி அரசர்கள் பட்டத்துக்கு வருகையில் தங்கள் அரச நாமத்தை இந்தச் சந்நிதியிலே பெறுவது வழக்கமாக இருந்தது. அருகிலேயே பத்தினி தேவாலயம். அங்கே எழுந்தருளியிருப்பவள் நம்முடைய கண்ணகியே. பெரஹர பார்ப்பதற்காக இவ்விரு கோயில்களையும் ஒட்டியபடி நடைபாதையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிற ஜனங்கள், உள்ளே ஒரு தடவை போய் வருவதில்லை.

நகரத்தை விட்டு மேற்கே கொழும்புப் பாதையில் பிலிமத்தலாவை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து தவுலகலைப் பக்கம் திரும்பினால், நாளெல்லாம் செலவழித்தாலும் தகும் என்று சொல்லத்தக்க மூன்று ஸ்தலங்கள் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் இருக்கின்றன. முதலாவது கடலாதெனிய. 1344ஆம் ஆண்டில், நான்காம் புவனேகபாகு அரசனாக இருந்த நாட்களில், தர்மகீர்த்தி என்ற தேரர் கற்பாறை ஒன்றின் முதுகிலே இதைக் கட்டுவித்தார். கட்டிய சிற்பியின் பெயர் கணேசுவராசாரி. பெயரே அவர் எந்தத் திசையிலிருந்து வந்தவர் என்பதைச் சொல்லிவிடுகிறது. உள்ளே புத்தர் வீற்றிருக்க, வெளியே வாயிலருகே கல்லில் நாட்டியப் பெண்களும் வாத்தியக்காரர்களும் ஆடிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தேரர் ஆந்திர நாட்டுத் தான்யகடகத்திலே பழுதுபட்டிருந்த பிரதிமா கிருகம் ஒன்றையும் புதுப்பித்தார் என்று இங்குள்ள சாசனம் கூறுகிறது. தென்னிந்தியாவில் பௌத்தம் மங்கிப்போன பிற்காலத்திலும் கடலுக்கு இருபுறமும் சிற்பிகளும் துறவிகளும் போய் வந்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை.

இரண்டாவதாகிய லங்காதிலக விகாரையைப் பற்றித்தான் சற்று நிதானமாகப் பேச வேண்டும். பன்ஹல்கல என்னும் பாறையின் உச்சியில், சுற்றிலும் வயல்களும் தென்னந்தோப்புகளும் தாழ விரிந்து கிடக்க, வெள்ளை வெளேரென்று நிற்கிற இந்தச் செங்கற் கட்டடமும் அதே 1344இல் எழுந்ததுதான். சேனாலங்காதிகார என்ற அமைச்சர் பொருளும் ஆளும் கொடுக்க, ஸ்தபதி ராயர் என்ற தென்னாட்டுச் சிற்பி வகுத்தது. ஆதியில் நான்கு மாடங்கள் கொண்டிருந்து, மேலே உள்ளவை காலத்தால் சிதைந்தபின் உயரம் குறைந்தது. கிழக்கு நோக்கிய முன் மண்டபத்தில் புத்தர் இருக்கிறார். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் வந்தால் கணபதி, கந்தன், விபீஷணன் முதலிய தெய்வங்களின் சந்நிதிகள். ஒரே கூரையின் கீழ் இரண்டு சமயத்தாரும் முன்வாசல் வழியாகவும் பின்வாசல் வழியாகவும் வந்து தொழுதுவிட்டுப் போகிற அமைப்பு. ஆனால் நம்மவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது கட்டடத்துக்கு வெளியே, பாறையின்மேல் வெட்டியிருக்கும் சாசனங்களையே. ஒன்று சிங்களத்தில், மற்றொன்று தமிழில். சக வருஷம் 1266 என்று காலம் குறித்து, ஆலயம் எழுந்த செய்தியையும் அதற்கு விடப்பட்ட நில தானங்களையும் அவை கூறுகின்றன. எழுத்துகள் நாம் இன்று எழுதுகிற வடிவத்திலிருந்து மாறியவை, கிரந்தமும் கலந்தவை, ஆகவே பார்த்தவுடன் வாசித்துவிட முடியாது. என்றாலும் காலை வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் குனிந்து பார்த்தால், அங்கும் இங்குமாகப் பழகிய எழுத்து ஒன்றிரண்டு முகம் காட்டத்தான் செய்யும். இதைக் கண்டு, இந்தப் பூமியும் நம்முடையதே என்று பெருமிதம் கொள்ளப் புறப்படுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மலைநாட்டு அரசன் ஒருவன் தன் தர்மத்தைப் பாறையில் பொறிக்கையில், அதை வாசிக்க வேண்டியவர்கள் இரு பாஷைக்காரர்கள் என்று கருதினான் அல்லவா? அந்தச் சகஜமான எண்ணத்தைத்தான் நான் வியக்கிறேன்.

லங்காதிலகத்திலிருந்து வயல் வரப்புகளும் சிறு கிராமங்களும் வழியாக நடந்தால் எம்பக்க தேவாலயம். கோயில் கதிர்காமக் கடவுளுக்கு உரியது. புகழ் அதன் மரச் சிற்பத்துக்கு உரியது. மேளக்காரர் மண்டபத்தைத் தாங்குகிற முப்பத்திரண்டு மரத் தூண்களிலே பின்னிய கழுத்துடைய அன்னங்களும், இருதலைப் புள்ளும், மல்லர்களும், குழந்தைக்குப் பாலூட்டும் தாயும், குதிரை வீரனும் சதுரச் சதுரமாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கம்பளை அரசனின் கொலு மண்டபமாக இருந்ததைப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள் என்பது ஐதிகம். கூரையின் ஒரு முனையில் இருபத்தாறு கைமரங்கள் விசிறி மடிப்பைப் போல ஒரே இடத்தில் வந்து கூட, அவை அனைத்தையும் மரத்தாலான ஒற்றை ஆப்பு பிணைத்து நிற்கிறது. தச்சு வேலை தெரிந்தவர்கள் அதன் கீழே வந்தால் லேசில் நகரமாட்டார்கள். கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்து நெடுந்தூரம் பிரயாணம் செய்கிற கண்டித் தமிழர்களுள், வீட்டுக்கு அருகே அதே முருகன் இப்படி ஒரு மண்டபத்தோடு எழுந்தருளியிருப்பதை அறிந்தவர்கள் எத்தனை பேர்? மூன்று இடங்களிலும் செருப்பைக் கழற்ற வேண்டும்; உச்சி வெயிலில் பாறை சுட்டெரிக்கும்; ஆகவே காலையிலேயே புறப்படுவது உசிதம்.

கிழக்கே மகாவலியைக் கடந்தால் தெகல்தொறுவைக் குகையில், நாயக்க வம்சத்துக் கீர்த்திஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) தொடங்கிவைத்த விகாரையில், ஜாதகக் கதைகள் சிவப்பு நிலத்தில் சித்திரமாக விரிகின்றன. அதே அரசன் கட்டத் தொடங்கி முற்றுப்பெறாமல் விட்ட கல்மடுவைக் கோயில் குண்டசாலைப் பக்கம் கோபுரம் தரித்து நிற்கிறது.

நகரத்துக்குள் திரும்பினால், மஹியாவை மயானத்தில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இருக்கிறது. லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, இலங்கையின் தலைவிதியையே மாற்றிய அவர் 1892இல் இறந்தபோது, தோட்டத்துத் தொழிலாளர்கள் அவருடைய பாரமான உடலை மலைப்பாதை வழியே கண்டி வரை தோளில் சுமந்து வந்தார்கள். மாளிகைக்குப் பின்புறச் சரிவில் மற்றோர் இடுகாடு உண்டு. அது பிரித்தானியப் படையினருக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் உரியது. 1815ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் சூத்திரதாரியாகிய ஜோன் டொயிலி 1824இல் அங்கே அடக்கமானார். அவருடைய தந்திரத்தால் சிங்காசனம் இழந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனோ, 1832இல் வேலூரிலே காலமானான். அந்தப் படையினர் இடுகாட்டின் கல்லறைகளை வாசித்துக்கொண்டு போனால், காய்ச்சலால் மடிந்த வாலிபர்களும் பச்சிளங் குழந்தைகளுமே அதிகம் என்பது தெரியும்.

அவ்விடத்திலிருந்து மேலே ஏறினால் உடவத்தகெலே. ஏறத்தாழ நூறு ஹெக்டேர் பரப்புள்ள இந்த வனம் அரசர் காலத்தில் குடிகள் நுழையத் தடை விதிக்கப்பட்ட அரண்மனைத் தோட்டமாக இருந்தது. 1856இல் ஒதுக்கு வனமாகவும், 1938இல் சரணாலயமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. உள்ளே அரச குடும்பத்தார் நீராடிய குளம் உண்டு. மரத்துக்கு மரம் தாவி மலைப்பாம்பெனத் திரண்டு கிடக்கும் கொடியும் உண்டு. ஹோர்ட்டன் சீமாட்டியின் பெயரால் ஒரு பாதை இருக்கிறது; தேசாதிபதியின் மனைவியாக இங்கு வருவதற்கு முன், லண்டனில் பைரன் என்ற கவியைக் கவிதை பாட வைத்த அழகி அவள். கடைத்தெருவின் இரைச்சல் கேட்கிற தூரத்திலே காட்டுப்பன்றியையும் கேளையாட்டையும் காணக்கூடிய நகரங்கள் உலகத்தில் அதிகம் இரா. மழை பெய்த மறுநாள் போகிறவர்கள் மாத்திரம், தோட்டத்துப் பெண்கள் செய்கிறபடி கால்களில் சவர்க்காரத்தை நன்றாகத் தடவிக்கொள்வது நலம். அங்குள்ள அட்டைகள் சரித்திர அபிமானிகள் என்று எவருக்கும் சலுகை காட்டுவதில்லை.