சுண்டெலி ஆராய்ச்சியும் குறிப்பேடும்

உடன்பிறந்தவற்றையே 20 தலைமுறைகளுக்குக் குறையாமல் இணைசேர்த்துப் பெறப்படும் சுண்டெலிகள், ஜீன் அமைப்பில் ஏறக்குறைய ஒன்றேயாம். எனினும் அவை எங்கும் ஒரேவிதமாக நடந்துகொள்வதில்லை. அமெரிக்காவில் ஆல்பனி, போர்ட்லண்டு ஆகிய நகரங்களிலும், கனடாவில் எட்மன்டனிலும் இருந்த 3 ஆராய்ச்சிக்கூடங்கள் இதனைச் சோதித்து 1999-ல் முடிவை வெளியிட்டன. எலி வகை, வயது, கருவி, நேரம் முதலியன ஒத்திருந்தும், சில சோதனைகளின் முடிவுகள் இடத்திற்கு இடம் வேறுபட்டன.

ஆதலின் முடிவை மட்டும் அறிவித்தல் போதாது. எலிவகையின் முழுப்பெயர், பால், வயது, தீனி, கூண்டு, ஒவ்வோர் எலிக்கும் கிடைத்த அளவு ஆகிய யாவற்றையும் பிறருக்கு வழங்குதல் வேண்டும். அமெரிக்காவிலுள்ள ஜாக்சன் ஆராய்ச்சிக்கூடம் இத்தகைய விவரங்களைத் திரட்டி யாவருக்கும் அளித்து வருகிறது. வயற்சோதனைக்கும் பள்ளிச் சோதனைக்கும் இவ்விதி பொருந்தும்.