பட்டனை அழுத்தினா 'டக்'னு ஒரு சத்தம்... நங்கூரம் மட்டும் மேலே வரல! பாய்மரப் படகின் விண்ட்லாஸ் ஏன் மக்கர் பண்ணுது?

1982 டிசம்பர். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பம் முடியும் இடத்தில் இருக்கிறது காபோ சான் லூகாஸ். அந்த விரிகுடாவில் பாய்மரப் படகுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நங்கூரமிட்டிருந்தன. அங்கே கரையை ஒட்டிக் கொஞ்ச தூரம்தான் நங்கூரம் போடும் அளவுக்கு ஆழம். அதைத் தாண்டினால் கிடுகிடு பள்ளம். அதனால் எல்லாப் படகுகளும் கரைக்குப் பக்கத்திலேயே நின்றன. இரவில் கடலிலிருந்து கரையை நோக்கிப் புயல்காற்று திரும்பியது. விடிந்து பார்த்தால் இருபதுக்கும் மேற்பட்ட படகுகள் மணலில் கிடந்தன. அதில் ஒன்று 'ஜோஷுவா'. 1968-69ல் நடந்த கோல்டன் குளோப் உலகச் சுற்றுப் பந்தயத்தைப் பாதியில் உதறிவிட்டு தாஹிட்டிக்குப் படகைத் திருப்பிய பிரெஞ்சு மாலுமி பெர்னார் முவாத்தெசியேவின் இரும்புப் படகு அது.

காற்று இப்படிக் கரைப்பக்கம் திரும்பினால் படகில் இருப்பவர்களுக்கு இரண்டே வழி. நங்கூரத்தை நம்பி அங்கேயே இருப்பது. இல்லையென்றால், அதைத் தூக்கிக்கொண்டு சீக்கிரமாகத் திறந்த கடலுக்குப் போய்விடுவது. இரண்டாவது வழி, படகின் முன்முனையில் (மீனவர் மொழியில் அணியம்) உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன மெஷினைப் பொறுத்தது. அதன் பெயர் விண்ட்லாஸ்.

கிணற்று ராட்டினத்தில் ஒரு மோட்டாரைப் பொருத்தியது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பட்டனை அழுத்தினால் பல் வெட்டிய சக்கரம் சுற்றும், சங்கிலி ஏறும், நங்கூரம் வரும். யூடியூபில் 'படகு வாழ்க்கை' வீடியோ பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். பட்டனை அழுத்தியும் சங்கிலி அசையாத காட்சி வீடியோவில் அவ்வளவாக வராது.

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்

விண்ட்லாஸ் நின்றுபோனால் உடனே மோட்டாரைக் கழற்ற ஓடுபவர்கள் அதிகம். முதலில் காதைத் தீட்டிக்கொள்வது நல்லது.

பட்டனை அழுத்தியதும் சத்தமே இல்லையா? பெரும்பாலும் சர்க்யூட் பிரேக்கர் விழுந்திருக்கும், அல்லது பட்டனே போயிருக்கும். கால் வைத்து அழுத்தும் டெக் ஸ்விட்ச்களின் ரப்பர் மூடி வெயிலில் வெடித்துவிடும். அதன் வழியாக உப்புத்தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கும் காண்டாக்ட்களைத் தின்றுவிடும். சில நூறு ரூபாய் ரப்பர் மூடிக்காக ஒரு படகே மாட்டிக்கொள்வது கொஞ்சம் கொடுமைதான்.

'டக்' என்று சத்தம் வருகிறது, ஆனால் எதுவும் சுற்றவில்லையா? அப்படியென்றால் பட்டன் நன்றாக இருக்கிறது, சாலினாய்டு என்ற ரிலேவும் இழுக்கிறது. அதற்குப் பிறகுதான் எங்கோ கரண்ட் நிற்கிறது. சாலினாய்டின் உள் காண்டாக்ட் கருகியிருக்கலாம், வயர் முனை அரித்திருக்கலாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் சிக்கியிருக்கலாம். பிரஷ் சிக்கலென்றால் மோட்டார் உடம்பில் மெதுவாக நாலு தட்டு தட்டினால் சில நேரம் உயிர் வந்துவிடும். இது அந்த இடத்தை விட்டுக் கிளம்ப மட்டும்தான். கரைக்குப் போனதும் பிரஷ் மாற்றியாக வேண்டும்.

மூன்றாவது வகை, அழுதுகொண்டே சுற்றும் மோட்டார். அடிக்கடி வரும் புகார் இது, தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ஏனென்றால் மோட்டாரில் கோளாறே இருக்காது. 12 வோல்ட்டில் ஓடும் 1,000 வாட் விண்ட்லாஸ் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். போன் சார்ஜர் இரண்டு மூன்று ஆம்பியரில் ஓடுகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேட்டரி பெரும்பாலும் படகின் நடுவிலோ பின்பக்கமோ இருக்கும், விண்ட்லாஸ் முன்முனையில். 12 மீட்டர் படகில் வயர் போய்த் திரும்பி வர 20 மீட்டர் தாண்டலாம். வயர் மெலிசாக இருந்தாலோ, முனையில் பச்சை பூத்திருந்தாலோ வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும்.

இதைச் சோதிக்கும்போதும் ஒரு தப்பு நடக்கும். பட்டனை அழுத்தாமல் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 காட்டும், எல்லாம் சரி என்று தோன்றும். ஒருவர் பட்டனை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் மோட்டாரின் முனையிலேயே அளக்க வேண்டும். அப்போது 10 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறங்கினால் பேட்டரி முதல் மோட்டார் வரை ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வரலாம். தொட்டால் சுடுகிற இணைப்புதான் குற்றவாளி. இன்ஜினை ஓடவிட்டு விண்ட்லாஸைப் போடச் சொல்வதும் இதனால்தான்: ஆல்டர்னேட்டர் கைகொடுக்கும்.

மோட்டார் ஜோராகச் சுற்றுகிறது, சங்கிலிச் சக்கரம் மட்டும் சும்மா நிற்கிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கைப்பிடியைப் போட்டு இறுக்கினால் போதும்.

2 மில்லிமீட்டர் பிரச்னை

சங்கிலியைக் கவ்வும் பல்சக்கரத்துக்கு ஜிப்சி என்று பெயர். ஒவ்வொரு கண்ணியும் அதன் குழியில் கச்சிதமாக உட்கார வேண்டும். இங்கேதான் புதுச் சங்கிலி வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். 10 மி.மீ. சங்கிலி என்றால் எல்லாம் ஒன்று கிடையாது. ஜெர்மன் டின் 766 அளவில் கண்ணியின் உள்நீளம் 28 மி.மீ., ஐஎஸ்ஓ அளவில் 30 மி.மீ. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் சுமை ஏறியதும் கண்ணி குழியிலிருந்து எகிறி, ஏறின சங்கிலி கடகடவென்று மறுபடி கடலுக்குள் ஓடும். அதைப் பிடிக்கக் கையோ காலோ நீட்டினால் விரல் போய்விடும். சக்கரத்தின் பக்கம் கை போவதற்கு முன் பிரேக்கர் ஆஃப் ஆகியிருக்க வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது.

சங்கிலி ஒழுங்காக ஏறினாலும் கீழே அறையில் ஒரு சிக்கல் காத்திருக்கும். ஒரே இடத்தில் விழுந்து விழுந்து மணல் மேடு மாதிரி கூம்பாகக் குவியும். கூம்பின் உச்சி குழாயைத் தொட்டதும் உள்ளே இடமில்லாமல் சக்கரத்தில் நெரிசல். அலையில் படகு ஆடும்போது மேடு சரிந்து, கீழ்ச் சங்கிலி மேல் சங்கிலியைப் புதைத்துக்கொள்ளும். அடுத்த முறை நங்கூரம் போடும்போது பத்து மீட்டரில் சங்கிலி நின்றுவிடும். அறை ஆழமாக இருப்பதுதான் நிரந்தரத் தீர்வு. அதற்கு வசதியில்லாத படகுகளில், ஏறும்போதே ஒருவர் நீளக் குச்சியால் மேட்டைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

தூக்கத்தான் மெஷின், தாங்க இல்லை

10 மீட்டர் ஆழத்தில் ஐந்து மடங்கு, அதாவது 50 மீட்டர் சங்கிலி விடுவது வழக்கம். 10 மி.மீ. சங்கிலி மீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ. அப்படியென்றால் 115 கிலோ. ஆனால் அதில் பெரும்பகுதி கடலடியில்தான் கிடக்கும். நங்கூரம் தரையை விட்டதும் மெஷின் தூக்குவது 10 மீட்டர் சங்கிலியும் நங்கூரமும் மட்டும்தான். 20 கிலோ நங்கூரம் என்றால் மொத்தம் 50 கிலோகூட வராது. பிறகு ஏன் பிரேக்கர் விழுகிறது? காற்றை எதிர்த்துப் பல டன் படகையே விண்ட்லாஸால் இழுக்கப் பார்ப்பதால். இன்ஜினைப் போட்டு மெதுவாக முன்னே போய், தளர்ந்த சங்கிலியை மட்டும் சுற்றி எடுக்க வேண்டும். மண்ணில் புதைந்த நங்கூரத்தைப் பிடுங்குவதும் மெஷின் வேலை இல்லை. சங்கிலியைச் செங்குத்தாக்கி டெக்கில் கட்டிவிட்டு, படகின் அசைவே அதைப் பிடுங்கும்படி விட வேண்டும்.

இரவெல்லாம் நங்கூரத்தில் நிற்கும்போதும் இதே கதைதான். சங்கிலி நீளாது. பெரிய அலையில் அது விறைத்ததும் ஒவ்வொரு வெட்டிழுப்பும் நேராக ஜிப்சியிலும் கியரிலும் விழும். அதனால் நீளும் தன்மையுள்ள நைலான் கயிற்றைச் சங்கிலியில் கொக்கி போட்டு, டெக்கில் உள்ள உறுதியான முளையில் கட்டுவார்கள். ஸ்னப்பர் என்று பெயர். சுமை முழுக்க அதில், விண்ட்லாஸுக்கு ஓய்வு.

எதுவுமே சரிவரவில்லையா? மோட்டார் செத்தாலும் வழி உண்டு. பல விண்ட்லாஸ்களில் கையால் சுற்றும் வசதி இருக்கும். கியர் உடைந்து அதுவும் முடியாவிட்டால், பாய்க்கயிறு இழுக்கும் வின்ச்சிலிருந்து நீளக் கயிறு கொண்டுபோய்ச் சங்கிலியில் கொக்கி மாட்டி, இரண்டு மூன்று மீட்டராக இழுக்கலாம். ஒவ்வொரு முறையும் சங்கிலியைக் கட்டிவிட்டுக் கொக்கியை மாற்ற வேண்டும். முதுகு ஒடியும், ஆனால் வரும்.

நேரமே இல்லை, பின்னால் கரை நெருங்குகிறது என்றால் சங்கிலியை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். சங்கிலியின் கடைசி முனையை இரும்பு ஷாக்கிள் போட்டுப் பூட்டாமல், டெக் வரை எட்டும் கயிற்றில் கட்டுவது இந்த நிமிஷத்துக்காகத்தான். ஷாக்கிள் துருப்பிடித்து இறுகியிருந்தால் இருட்டில் அதைத் திறக்க முடியாது. கயிற்றைக் கத்தியால் ஒரே வெட்டில் அறுக்கலாம். அதற்கு முன், படகின் ஓரத்தில் தொங்கும் காற்றடைத்த ஃபெண்டர் ஒன்றைச் சங்கிலியில் நீளக் கயிறால் கட்டி மிதக்கவிட்டு, ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். காற்று அடங்கியதும் திரும்பி வந்து ஃபெண்டரைத் தேடினால், நங்கூரமும் 50 மீட்டர் சங்கிலியும் அதன் அடியில்தான் கிடக்கும்.